அணுவினுள் இலத்திரன்களின் ஒழுங்கமைப்பு: சக்தி மட்டக் கொள்கையும் எழுபத்திரண்டாம் மூலகம் தரும் சான்றும்

முன்னுரை

சடப்பொருள் யாவும் அணுக்களால் ஆனவை என்பதும், அணுவின் நடுவே நேரேற்றங் கொண்ட கருவும் அதனைச் சூழ எதிரேற்றங் கொண்ட இலத்திரன்களும் உள்ளன என்பதும் இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகளாகும். அவ்விலத்திரன்கள் 2, 8, 8 என்னும் ஒழுங்கிலே ஓடுகளாக அமைந்துள்ளன என்பதையும் மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதி வருகின்றனர். ஆயினும், முதலாம் ஓட்டில் இரண்டு இலத்திரன்கள் மட்டும் இடம்பெறுவதேன்? இரண்டாம் ஓடு எட்டுடன் நிறைவுறுவதேன்? மூன்றாம் ஓடு பதினெட்டு இலத்திரன்களைக் கொள்ளவல்லது என்று ஓரிடத்தில் கூறிவிட்டு, ஆகனில் அஃது எட்டுடன் நின்றுவிடுவதாக வேறோரிடத்திற் கூறுவதேன்? இவ்வினாக்களை மாணவர் எழுப்புவது அரிது; எழுப்பினும் "அதுவே விதி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

விதியை அறிதல் வேறு. அவ்விதி எவ்வாறு பெறப்பட்டது என்பதை அறிதல் வேறு. முன்னையது மட்டுங் கைவரப்பெற்ற சமூகம் பிறர் ஆக்கிய அறிவை நுகரும் சமூகமாகவே இருக்கும். ஆகவே இக்கட்டுரையில், இலத்திரன்களின் ஒழுங்கமைப்பு எத்தகைய சான்றுகளின் மீது நிறுவப்பட்டது, அதன் உள்ளார்ந்த தருக்கம் யாது, அது மெய்யான கொள்கையெனப் பரிசோதனை எவ்வாறு காட்டியது என்பவற்றை ஒழுங்காக நோக்க முயல்வோம். இறுதியில் எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் எழுபத்திரண்டாம் மூலகத்தின் வரலாறு எமது நாட்டுக் கனிமம் ஒன்றுடனும் தொடர்புடையது என்பது குறிப்பிடத்தக்கது.

1. ஒளி தந்த முதற் சான்று

அணுவின் உள்ளமைப்பை எவரும் கண்ணாற் கண்டதில்லை. அதனைப் பற்றிய முதற் செய்தியை எமக்குக் கொணர்ந்தது ஒளியே. அடுப்பிலே உப்பிட்ட கஞ்சி பொங்கி வழியும்போது சுவாலை ஒரு கணம் மஞ்சளாகப் பளிச்சிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அம்மஞ்சள் ஒளி உப்பிலுள்ள சோடியத்திற்கு உரியது. அதனை அரியம் ஒன்றினூடு செலுத்தினால் வானவில் போன்ற தொடர்ச்சியான நிறப்பட்டை தோன்றுவதில்லை; 589.0, 589.6 நனோமீற்றர் அலைநீளங்களையுடைய அடுத்தடுத்த இரு கோடுகளே முனைப்பாகத் தோன்றுகின்றன. வேறு எந்த மூலகமும் இதே கோடுகளைத் தருவதில்லை. ஜெர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிலே புன்சன், கேர்க்கோவ் ஆகிய இருவரும் 1859ஆம், 1860ஆம் ஆண்டுகளில் இவ்வுண்மையை நிலைநாட்டியதோடு, அதனையே கருவியாகக் கொண்டு சீசியம், உருபிடியம் என்னும் இரு புதிய மூலகங்களையும் கண்டுபிடித்தனர்.

ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய கோடுகளைக் காலுமாயின், அக்கோடுகள் அணுவின் உள்ளமைப்பின் வெளிப்பாடாகவே இருத்தல் வேண்டும். ஆனால் அவற்றை வாசிக்கும் இலக்கணம் எவர்க்கும் புலப்படவில்லை. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பாடசாலை ஒன்றிற் கணிதங் கற்பித்த யோகான் பாமர், தமது அறுபதாவது வயதில், 1885இல், ஐதரசனின் நான்கு கோடுகளுக்கும் பொதுவான ஓர் எளிய தொடர்பைக் கண்டார். 364.6 நனோமீற்றரை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகிய பின்னங்களாற் பெருக்க, முறையே 656.3, 486.1, 434.0, 410.2 என்ற அலைநீளங்கள் கிடைத்தன. இப்பின்னங்கள் முழுவெண்களின் வர்க்கங்களிலிருந்து பிறப்பவை. 3இன் வர்க்கத்தை அதனிலும் 4 குறைந்த எண்ணாற் பிரித்தால் 9/5 பெறப்படும். ஏனையவை 4, 5, 6 என்னும் எண்களிலிருந்து அவ்வாறே பெறப்படும். இயற்கையின் தொடர்ச்சியான இயக்கத்தின் நடுவே 3, 4, 5, 6 என்ற முழுவெண்கள் எங்கிருந்து வந்தன? இவ்வினா இருபத்தெட்டு ஆண்டுகள் விடையின்றி நின்றது.

2. போரின் கொள்கை

இதற்கிடையில் அணு பற்றிய அறிவு வேறு திசைகளில் வளர்ந்தது. 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனை இனங்கண்டார். கைகர், மார்ஸ்டன் ஆகியோரின் பரிசோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, அணுவின் திணிவு ஏறத்தாழ முழுவதும் அதன் விட்டத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய கருவினுள் அடங்கியுள்ளது என 1911இல் இரதபோட் காட்டினார். கருவைச் சூழ இலத்திரன்கள் சூரியனைச் சுற்றும் கோள்களைப் போற் சுற்றுகின்றன எனக் கொள்வது இயல்பாகத் தோன்றிற்று. ஆனால் அவ்வெடுகோளிலே ஆழமான முரண்பாடொன்று இருந்தது. வளைகோட்டில் இயங்கும் ஏற்றம் இடைவிடாது கதிர்வீசிச் சக்தியை இழத்தல் வேண்டும் என்பது பழைய மின்காந்தவியலின் முடிவு. அவ்வாறாயின் இலத்திரன் ஒரு செக்கனின் மிகச் சிறு பின்னத்தினுள் கருவினுள் விழுந்துவிடும். அணு என்றொன்றே நிலைத்திராது. மேலும், சக்தியைத் தொடர்ச்சியாக இழக்கும் இலத்திரன் தொடர்ச்சியான நிறப்பட்டையையே காலும், கோடுகளைக் காலமாட்டாது.

1913இல் நீல்ஸ் போர் இம்முரண்பாட்டை மூடி மறைக்க முயலவில்லை. அதனையே தொடக்கமாகக் கொண்டார். சக்தி தொடர்ச்சியான ஒழுக்காக அன்றிச் சொட்டுச் சொட்டாகவே பரிமாறப்படுகின்றது என 1900இல் பிளாங்கு முன்வைத்த கருத்தை அவர் அணுவினுட் புகுத்தினார். இலத்திரன் குறித்த சில சக்தி மட்டங்களில் மட்டுமே இருத்தல் கூடும். அவற்றுக்கு இடைப்பட்ட சக்தி எதுவும் அதற்கு ஆகாது. ஒரு மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்திற்குத் தாவும்போது இரண்டிற்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரு சொட்டு ஒளியாகக் காலும் என்பன அவர் கொள்கையின் சாரமாகும். எமது கலைச்சொல்லாக்கத்தில் இப்பௌதிகக் கருத்துக்குச் "சொட்டு" என்ற எளிய தமிழ்ச் சொல் அமைந்தது மிகப் பொருத்தமேயாகும். நீர்ப்பெருக்கென்று தோன்றுவது உண்மையில் துளிகளின் வரிசை என்பதை அச்சொல்லே விளக்கிவிடுகிறது.

ஐதரசனுக்கு இம்மட்டங்களின் சக்திகள் முறையே -13.6, -3.40, -1.51, -0.85 இலத்திரன் உவோற்றுகளாகும். 13.6ஐ 1, 4, 9, 16 என்னும் வர்க்கங்களாற் பிரித்தே இவை பெறப்படுகின்றன. எதிர்க்குறி, இலத்திரன் கருவினாற் பிணிக்கப்பட்டுள்ளது என்பதைச் சுட்டும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்திற்கு இறங்கும் இலத்திரன் 1.89 இலத்திரன் உவோற்றுச் சக்தியைக் காலும். அது 656 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியாகும். நான்கிலிருந்து இரண்டிற்கு இறங்கும்போது வெளிப்படும் 2.55 இலத்திரன் உவோற்று, 486 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியாகும். பாமரின் முழுவெண்கள் மட்டங்களின் வரிசையெண்களே என்பது இவ்வாறு துலங்கியது.

மட்டங்கள் கணிதக் கற்பனையல்ல என்பதற்கு அடுத்த ஆண்டே நேரடிச் சான்று கிடைத்தது. பிராங்கு, ஹேர்ட்ஸ் என்போர் 1914இல் இரச ஆவியினூடு இலத்திரன்களைச் செலுத்தினர். இலத்திரன்களின் சக்தி 4.9 இலத்திரன் உவோற்றை எட்டும் வரையில் அவை இரச அணுக்களுடன் மோதியுஞ் சக்தியை இழக்கவில்லை. அவ்வெல்லையை எட்டியதும் அச்சக்தியை அணுவிடம் ஒப்படைத்தன. ஆவியும் 254 நனோமீற்றர் அளவான ஊதாக்கடந்த ஒளியைக் காலிற்று. அவ்வொளியின் ஒரு சொட்டுச் சக்தியும் அதே 4.9 இலத்திரன் உவோற்றே. அணு அரைப் படியை ஏற்பதில்லை. முழுப் படியையே ஏற்கின்றது.

3. அயனாக்கற் சக்திகள் கூறுவது

ஒளியைத் துணைக்கொள்ளாது, இலத்திரன்களை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றியும் அவற்றின் ஒழுங்கை அறியலாம். ஒரு மூல் அணுக்களிலிருந்து இலத்திரனை அகற்றத் தேவையான சக்தியே அயனாக்கற் சக்தி எனப்படும். பதினொரு இலத்திரன்களைக் கொண்ட சோடியத்தை எடுத்துக்கொள்வோம். முதலாம் இலத்திரனை அகற்ற 496 கிலோயூல் போதுமானது. இரண்டாவதற்கோ 4562 கிலோயூல் வேண்டும். ஒன்பது மடங்கு பாய்ச்சல் இது. அதன்பின் 6910, 9543, 13354 எனச் சீராக ஏறிச் சென்று ஒன்பதாவது இலத்திரனுக்கு 28932 ஆகின்றது. பத்தாவதற்கு மீண்டும் ஒரு பெரும் பாய்ச்சல்: 141362 கிலோயூல். இவ்வெண்களை எழுதிப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வெளியே எளிதிற் பிரியும் ஓர் இலத்திரன். அதனுள்ளே ஒரே கூட்டத்தைச் சேர்ந்த எட்டு. ஆழத்திலே கருவோடு இறுகப் பிணைந்த இரண்டு. மாணவர் மனனஞ் செய்யும் 2, 8, 1 என்ற ஒழுங்கு இங்கே அளவீடாகவே வெளிப்படுகின்றது.

முதலாம் அயனாக்கற் சக்தியை மூலகத்துக்கு மூலகம் ஒப்பிடுவது மேலும் நுண்ணிய செய்தியைத் தருகின்றது. இலிதியத்தில் 520, பெரிலியத்தில் 900, போரனில் 801, காபனில் 1086, நைதரசனில் 1402, ஒட்சிசனில் 1314, புளோரினில் 1681, நேயனில் 2081 கிலோயூல் என அமைகின்றது. கருவின் ஏற்றம் படிப்படியாகக் கூடுவதால் சக்தியும் பொதுவாகக் கூடுகின்றது. ஆனால் போரனிலும் ஒட்சிசனிலும் சரிவு காணப்படுகின்றது. எட்டு இலத்திரன்களும் முற்றிலும் ஒத்தவையாயின் இச்சரிவுகளுக்கு இடமில்லை. எனவே இரண்டாம் மட்டத்தினுள்ளும் உட்பிரிவுகள் இருத்தல் வேண்டும்: முதல் இரண்டு இலத்திரன்கள் ஓர் உபமட்டத்திலும், போரனிலிருந்து தொடங்கும் ஆறு இலத்திரன்கள் சற்று உயர்ந்த வேறோர் உபமட்டத்திலும் அமைகின்றன. அவ்வாறும் மும்மூன்றாகப் பிரிவதையே ஒட்சிசனின் சரிவு காட்டுகின்றது. 2, 8 என்ற ஒழுங்கு முழு உண்மையல்ல. உண்மையின் முதற் கோட்டுருவமே என்பதை இவ்வளவீடுகள் உணர்த்துகின்றன.

4. நான்கு சொட்டெண்களும் தவிர்க்கைத் தத்துவமும்

போரின் கொள்கை ஐதரசனை விளக்கியது. ஆயின் ஈலியத்திலேயே தடுமாறியது. கோள்களைப் போன்ற ஒழுக்குகள் என்ற எண்ணமே கைவிடப்படவேண்டியதாயிற்று. 1924இல் டி புரோய் இலத்திரனுக்கு அலையியல்பு உண்டெனக் கூறினார். 1927இல் டேவிசன், ஜேர்மர் ஆகியோர் நிக்கற் பளிங்கிலே இலத்திரன்கள் அலைகளைப் போற் கோணலடைவதைக் கண்டனர். 1926இல் சுரோடிங்கர் அவ்வலைக்குரிய சமன்பாட்டை அமைத்தார். வீணையின் தந்தி இரு முனைகளிலும் கட்டப்பட்டிருப்பதால், அதில் நிலைபெறும் அதிர்வுகள் முழுவெண் வரிசையில் மட்டும் அமைகின்றன. அவ்வாறே கருவின் கவர்ச்சியினாற் கட்டுண்ட இலத்திரன் அலையும் குறித்த சில வடிவங்களில் மட்டுமே நிலைபெறும். முழுவெண்கள் எங்கிருந்து வந்தன என்ற பழைய வினாவுக்கு இதுவே விடை: அவை கட்டுண்ட அலையின் இயல்பிலிருந்து பிறந்தவை.

இவ்வலை வடிவங்களே ஒபிற்றல்கள் எனப்படும். ஒபிற்றல் என்பது இலத்திரன் ஓடும் பாதையன்று. இலத்திரனைக் காண்பதற்கான நிகழ்தகவு வெளியிற் பரந்துள்ள முறையைக் குறிப்பது. அதனை மூன்று சொட்டெண்கள் வரையறுக்கின்றன. முதன்மைச் சொட்டெண் 1, 2, 3 என ஓட்டைக் குறிக்கும். திசைவிற் சொட்டெண் வடிவத்தைக் குறிக்கும். அது பூச்சியம் முதல், முதன்மைச் சொட்டெண்ணிலும் ஒன்று குறைந்த பெறுமானம் வரை அமையும். அப்பெறுமானங்களுக்கு ஒழுங்கே எஸ், பி, டி, எஃப் என்ற பெயர்கள் வழங்குகின்றன. காந்தச் சொட்டெண் வெளியிலே திசையமைவைக் குறிக்கும்; எஸ் வகையில் ஒன்று, பி வகையில் மூன்று, டி வகையில் ஐந்து, எஃப் வகையில் ஏழு ஒபிற்றல்கள் உள. நான்காவதான கறங்கற் சொட்டெண் இலத்திரனின் உள்ளார்ந்த இயல்பொன்றைக் குறிப்பது. அதற்கு இரண்டு பெறுமானங்கள் மட்டுமே உண்டு. கறங்கல் என்ற கருத்தை 1925இல் ஊலன்பெக், கவுட்சுமிட் என்போர் முன்வைத்தனர்.

அதே ஆண்டிற் பவுளி வெளியிட்ட தவிர்க்கைத் தத்துவமே முழுக் கட்டடத்திற்கும் அடிக்கல்லாகும். ஓர் அணுவில் எந்த இரு இலத்திரன்களும் நான்கு சொட்டெண்களிலும் ஒத்திருத்தல் ஆகாது என்பதே அது. எனவே ஓர் ஒபிற்றலில், எதிரெதிரான கறங்கலையுடைய இரண்டு இலத்திரன்கள் மட்டுமே அமையலாம். இனி எண்ணிப் பார்ப்போம். முதலாம் ஓட்டில் ஓர் ஒபிற்றல். எனவே இரண்டு இலத்திரன்கள். இரண்டாம் ஓட்டில் ஒன்றும் மூன்றும் சேர்ந்து நான்கு ஒபிற்றல்கள், எனவே எட்டு. மூன்றாவதில் ஒன்று, மூன்று, ஐந்து சேர்ந்து ஒன்பது, எனவே பதினெட்டு. நான்காவதிற் பதினாறு, எனவே முப்பத்திரண்டு. ஒற்றையெண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்கங்களே கிடைக்கும் என்ற எண்கணித உண்மை மூலகங்களின் ஒழுங்கிலே தொழிற்படுவதை நாம் காண்கிறோம்.

இத்தத்துவம் ஒரு கணக்கு விதி மட்டுமன்று. இது இல்லையேல் எல்லா இலத்திரன்களும் மிகத் தாழ்ந்த மட்டத்திலேயே வந்து சேரும். மூலகங்களுக்கிடையே நாம் காணும் இரசாயன வேறுபாடுகள் தோன்றா. 1967இல் டைசன், லெனார்ட் ஆகியோர் திரண்ட சடப்பொருளின் உறுதிநிலைக்குத் தவிர்க்கைத் தத்துவம் இன்றியமையாதது எனக் கணித முறையில் நிறுவினர். நாம் மிதிக்கும் நிலம் அமிழ்ந்து சுருங்காது நிற்பதற்கும் இதுவே காரணம்.

5. நிரம்பும் ஒழுங்கும் அதன் சிக்கலும்

இடங்கள் எத்தனை என்பது தெரிந்தது. அவை எவ்வொழுங்கில் நிரம்புகின்றன? ஐதரசனில் ஓர் ஓட்டின் உபமட்டங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே சக்தியுடையன. பல இலத்திரன் அணுக்களில் அவ்வாறன்று. உள்ளேயுள்ள இலத்திரன்கள் கருவின் ஏற்றத்தை வெளியேயுள்ளவற்றுக்கு மறைக்கின்றன. எஸ் வகை இலத்திரன் இத்திரையை ஊடுருவிக் கருவின் அண்மை வரை செல்வதால் இறுகப் பிணிக்கப்படுகின்றது. பி வகை அதனிலும் குறைவாகவும், டி வகை மேலுங் குறைவாகவும் ஊடுருவுகின்றன. போரனின் சரிவுக்கு இதுவே விளக்கம். ஒட்சிசனின் சரிவு வேறு காரணத்தினால் ஆனது. சமசக்தியுள்ள ஒபிற்றல்கள் இருக்கையில் இலத்திரன்கள் முதலில் ஒன்றொன்றாக வெவ்வேறு ஒபிற்றல்களிற் பரவி அமைந்து, பின்னரே சோடி சேர்கின்றன. இஃது ஹுண்டின் விதி. நைதரசனில் மூன்று பி ஒபிற்றல்களிலும் ஒவ்வோர் இலத்திரன் உள்ளது. ஒட்சிசனின் நான்காவது இலத்திரன் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் இடத்திற் புகவேண்டியிருப்பதால், தள்ளுகை காரணமாக எளிதிற் பிரிகின்றது.

பத்தொன்பதாம் மூலகமாகிய பொற்றாசியத்தில் 3டி உபமட்டம் வெறுமையாக இருக்கையில், புதிய இலத்திரன் 4எஸ் உபமட்டத்திற் புகுகின்றது. அங்கே 4எஸ் தாழ்ந்த சக்தியுடையது. ஆகன் எட்டுடன் நின்றுவிடுவதன் மருமம் இதுவே. மூன்றாம் ஓட்டின் எஞ்சிய பத்து இடங்கள் இசுகண்டியம் முதல் நாகம் வரையான பத்து மூலகங்களில் நிரம்புகின்றன. ஆவர்த்தனங்கள் 2, 8, 8, 18, 18, 32, 32 என நீள்வது இவ்வொழுங்கின் விளைவேயாகும். 118ஆம் மூலகத்துடன் ஏழாம் ஆவர்த்தனம் நிறைவுற்றுள்ளது.

இவ்விடத்தில் எமது கற்பித்தலில் நிலவும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். "4எஸ் முதலில் நிரம்புவதால் அதுவே எப்போதுந் தாழ்ந்தது" என்று கற்பிக்கப்படுகின்றது. அங்ஙனமாயின் இரும்பு அயனாகும்போது 3டி இலத்திரன்களே முதலிற் பிரிய வேண்டும். உண்மையிலோ 4எஸ் இலத்திரன்கள் இரண்டுமே முதலிற் பிரிகின்றன. மட்டங்கள் என்றும் மாறாத ஏணிப் படிகளல்ல. இசுகண்டியத்திலிருந்து கருவின் ஏற்றங் கூடவே, செறிந்து அமையும் 3டி உபமட்டம் 4எஸ்ஸிற்குக் கீழே இறங்கிவிடுகின்றது. ஆயினும் 3டியில் அமையும் இலத்திரன்கள் ஒன்றையொன்று வன்மையாகத் தள்ளுவதால், நடுநிலை அணுவின் மொத்தச் சக்தி இழிவாவதற்கு இரண்டு இலத்திரன்கள் 4எஸ்ஸில் இருப்பதே பெரும்பாலும் உகந்ததாகின்றது. தீர்மானிப்பது தனி மட்டத்தின் உயரமன்று. முழுத் தொகுதியின் சக்தியே. குரோமியமும் செம்பும் 4எஸ்ஸில் ஓர் இலத்திரனை மட்டுங் கொண்டிருப்பதையும் இவ்வடிப்படையிலேயே நோக்குதல் தகும். இவை "விதிவிலக்குகள்" எனத் தனியே மனனஞ் செய்யப்படவேண்டியவை அல்ல.

6. எழுபத்திரண்டாம் மூலகம்: கொள்கைக்கு ஒரு பரீட்சை

ஒரு கொள்கை அறிந்தவற்றை விளக்கினால் மட்டும் போதாது. அறியாதவற்றைக் கூறவும் வல்லதாதல் வேண்டும். மோஸ்லி என்ற இளம் ஆங்கில விஞ்ஞானி 1913, 1914ஆம் ஆண்டுகளில் மூலகங்களின் ஊடுகதிர்க் கோடுகளை அளந்து, அவற்றின் மீடிறனின் வர்க்கமூலம் அணுவெண்ணுடன் நேர்கோட்டில் உயர்வதைக் கண்டார். மூலகங்களின் வரிசையெண் வெறும் இலக்கமன்று, கருவின் ஏற்றமே என்பது நிலைநாட்டப்பட்டது. இன்னுங் கண்டுபிடிக்கப்படாத மூலகங்களின் இடங்களும் வெளிப்பட்டன. அம்மேதை 1915 ஆகஸ்ட் 10ஆந் திகதி, தமது 27ஆவது வயதில், கலிப்போலிப் போர்க்களத்திற் கொல்லப்பட்டார். ஏகாதிபத்தியப் போரொன்று மானிட அறிவிலிருந்து எதனைப் பறிக்கும் என்பதற்கு இதனிலுங் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எழுபத்திரண்டாம் மூலகத்தை அருமண் மூலகங்களிடையே கண்டுவிட்டதாகப் பாரிசில் ஊர்பேன் 1911இற் கூறிச் "செல்தியம்" எனப் பெயரும் இட்டிருந்தார். 1914இல் மோஸ்லி அம்மாதிரியைச் சோதித்து, 72க்குரிய கோடுகளை அதிற் காணவில்லை. எனினும் அவ்வுரிமைக் கோரிக்கை 1922இல் மீண்டும் எழுந்தது. இலத்திரன் ஒழுங்கமைப்பை அடிப்படையாகக் கொண்டு போர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். எஃப் உபமட்டம் பதினான்கு இலத்திரன்களுடன் நிறைவுறுவதாயின், அருமண் வரிசை 71ஆம் மூலகத்துடன் முடிவுறல் வேண்டும். 72ஆம் மூலகத்தின் வெளி இலத்திரன்கள் சேர்க்கோனியத்தினவற்றை ஒத்திருத்தல் வேண்டும். இரசாயனவியலாளர் பரி என்பாரும் 1921இல் இரசாயன ஆதாரங்களிலிருந்து இதனையொத்த முடிவை எட்டியிருந்தார். இரு ஒழுங்குகளையும் ஒப்பிடுவோம். சேர்க்கோனியம்: 2, 8, 18, 10, 2. எழுபத்திரண்டாம் மூலகம்: 2, 8, 18, 32, 10, 2. கடைசி இரு எண்களும் ஒன்றே. ஆகவே அதனைத் தேட வேண்டிய இடம் அருமண் அன்று; சேர்க்கோன் கனிமமே.

கோபன்ஹேகனில் கொஸ்டர், எவெசி ஆகிய இருவரும் சேர்க்கோன் கனிமங்களை ஊடுகதிர் முறையாற் சோதித்தபோது 72ஆம் மூலகத்தின் கோடுகள் எதிர்பார்த்த இடத்திலேயே தோன்றின. 1922 திசெம்பரிற் போர் தமது நோபெற் பரிசு உரையிலேயே இதனை அறிவித்தார். 1923இல் விவரங்கள் வெளியாயின. கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரைத் தழுவி அம்மூலகம் ஹாப்னியம் எனப் பெயர் பெற்றது.

இவ்வரலாற்றின் இன்னொரு முனை எமது மண்ணில் உள்ளது. 1789இல் கிளாப்ரொத் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் சேர்க்கோனியத்தின் ஒட்சைட்டை முதன்முதலில் இனங்கண்டது இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கோன் கல்லிலேயாகும். எமது நாட்டு நிறமற்ற சேர்க்கோன்கள் "மாத்தறை வைரம்" என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கின. இயற்கையான சேர்க்கோனில் ஹாப்னியமும் சிறிதளவு கலந்தேயிருக்கும். எனினும் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த இரசாயனவியலாளரும் அதனைக் காணவில்லை. அவர்தம் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. வெளி இலத்திரன்கள் ஒத்தவை, எஃப் இலத்திரன்கள் கருவின் ஏற்றத்தை நன்கு மறைக்காமையால் அணுவின் பருமனும் சேர்க்கோனியத்தினதை ஏறத்தாழ ஒத்தது. இரசாயனத் தாக்கங்கள் வெளி இலத்திரன்களின் தொழிலாதலால், இரண்டையும் அவை வேறுபடுத்தவில்லை. உள்ளோடுகளுட் புகுந்து கருவின் ஏற்றத்தை எண்ணிய ஊடுகதிரே வேறுபடுத்தியது.

ஒத்த இரட்டையரை ஒத்த இவ்விரு உலோகங்களும் கருவிலே முற்றிலும் மாறுபட்டவை. சேர்க்கோனியம் மெதுவான நியூத்திரன்களை மிகச் சிறிதளவே விழுங்கும். ஆதலின் அணு உலைகளில் எரிபொருளை உறையிட அது பயன்படுகின்றது. ஹாப்னியம் அதனிலும் ஐந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கும்; ஆதலின் உலையை அடக்கும் கோல்களில் அது பயன்படுகின்றது. ஒன்று மற்றொன்றிற் கலந்திருந்தால் முன்னைய பயன் கெடும். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிற் கிடைக்கும் மணலில் இல்மனைற்று, உரூற்றைல் ஆகியவற்றுடன் சேர்க்கோனும் உள்ளது. அம்மணலை அள்ளுவதற்கு மண்வெட்டி போதும். அதனுள் ஒளிந்துள்ள இரு மூலகங்களைப் பிரிப்பதற்கு இலத்திரன் ஒழுங்கமைப்பின் அறிவு வேண்டும். மணலாக விற்போருக்கும் உலோகமாக விற்போருக்கும் இடையிலான வேறுபாடு இவ்வறிவின் வேறுபாடே. அணுக்கொள்கை பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமென எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

7. பிழையான முடிவுகள் இரண்டு

இக்கொள்கையிலிருந்து இருவகைப் பிழையான முடிவுகள் பெறப்படுவதுண்டு. ஒன்று, இலத்திரனின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே எல்லையற்ற திருத்தத்துடன் குறிக்க இயலாது என 1927இல் ஹைசன்பேர்க் காட்டியதைக் கொண்டு, புறவுலகே ஐயத்துக்குரியது, யாவும் நோக்குபவரின் மனத்தைப் பொறுத்தவை எனக் கூறுவது. இக்கூற்றுக்கு இக்கொள்கை இடந்தரவில்லை. ஐதரசனின் மட்டங்கள் எவர் அளப்பினும் அவையே. தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியிலும் அதே ஒழுங்கிலேயே கோடுகள் காணப்படுகின்றன. மறுக்கப்பட்டது புறவுலகன்று, இலத்திரனைச் சிறு கோளமாகக் கண்ட எமது பழைய படிமமே.

மற்றையது, "அணு" என்ற சொல் எமது பழைய நூல்களிலே உண்டு. ஆகவே இவ்வறிவு எம் முன்னோர்க்குப் புதியதன்று எனக் கூறுவது. பொருள்களின் நுண்கூறு பற்றி வைசேடிகர் போன்றோர் சிந்தித்தமை எமது மெய்யியல் மரபின் பெருமையே. ஆனால் சோடியத்தின் பத்தாவது இலத்திரனை அகற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைச் சிந்தனை மட்டுந் தராது, அளவீடே தரும். சொல்லின் பழைமையைக் கொண்டு அறிவின் உரிமையைக் கோருவது புதிய அறிவைத் தேடும் முயற்சியைத் தளர்த்திவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இலத்திரன்களின் ஒழுங்கமைப்பு எங்கிருந்தோ அருளப்பட்ட விதியன்று என்பது தெளிவாகும். முழுவெண்கள் கட்டுண்ட அலையின் இயல்பிலிருந்தும், ஓடுகளின் கொள்ளளவு தவிர்க்கைத் தத்துவத்திலிருந்தும், நிரம்பும் ஒழுங்கு இலத்திரன்களின் பரஸ்பரத் தள்ளுகையிலும் மறைத்தலிலுமிருந்தும் பிறக்கின்றன. பாடசாலை ஆசிரியர் ஒருவரின் எண்கணிதம், சுவாலையை நோக்கியோரின் பொறுமை, போரில் மடிந்த இளைஞனின் அளவீடு, கோபன்ஹேகனின் கொள்கை ஆகிய பலரது உழைப்பும் இவ்வறிவிற் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு படியிலும் முன்னைய படிமம் ஒன்று முரண்பாட்டிற் சிக்கி, அதனிலும் உயர்ந்த விளக்கத்துக்கு இடந்தந்தது.

ஆதலால் 2, 8, 8 என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர், சோடியத்தின் பதினொரு அயனாக்கற் சக்திகளையும் கரும்பலகையில் எழுதி, "இவ்வெண்களில் நீங்கள் காண்பது யாது?" என மாணவரை வினவுவாராயின், அவ்வகுப்பிலே விதி மனனஞ் செய்யப்படாது, மாணவராலேயே கண்டுபிடிக்கப்படும். தாய்மொழியில் விஞ்ஞானங் கற்பிப்பதன் பயனும் அங்கேதான் உண்மையில் விளங்கும். கலைச்சொற்கள் எம்மிடம் உள்ளன. அச்சொற்களைக் கொண்டு மாணவர் வினா எழுப்பும் பழக்கத்தை வளர்ப்பதே இனி நாம் செய்யவேண்டிய பணியாகும்.